ஒரு வீட்டில் பூனை, பிள்ளைக்கு அலர்ஜி: பிரிந்து வாழும் பெற்றோர் முன் உள்ள நான்கு வழிகள்

ஞாயிறு மாலை பிள்ளை அப்பா வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குத் திரும்புகிறான். வாசலில் நிற்கும்போது லேசான மூக்கடைப்பு, அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்கு இருமல். இரண்டு மணிக்கு இளைப்பு. “உங்கள் வீட்டுப் பூனைதான் காரணம்” என்று அம்மா செய்தி அனுப்புகிறார். “இங்கே இரண்டு நாளும் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான். அங்கே வந்ததும் இழுக்கிறது என்றால் அங்கேதான் ஏதோ இருக்கிறது” என்று பதில் வருகிறது.

இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வாமை இரண்டு தவணையாக வரும். முதல் தவணை சில நிமிடங்களில்: தும்மல், கண் அரிப்பு, தோலில் தடிப்பு. இரண்டாவது தவணை 4 முதல் 8 மணி நேரம் கழித்து: மூக்கடைப்பு, இருமல், இளைப்பு. சாயங்காலம் வீடு மாறும் பிள்ளைக்கு இந்த இரண்டாம் தவணை அடுத்த வீட்டில்தான் வந்து சேரும். பழி தப்பான வீட்டின்மேல் விழுவதும், எதிர் வீடு அதை மறுப்பதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம்: “நாம் சேர்ந்திருந்தபோது இதே பூனையோடுதானே வளர்ந்தான்?” நாள்தோறும் பூனையோடு இருக்கும் உடம்பு ஓரளவு மரத்துப்போகும், மூக்கு எப்போதும் கொஞ்சம் அடைத்திருக்கும், அது யார் கண்ணிலும் படாது. சில நாள் விலகியிருந்துவிட்டுத் திரும்பினால்தான் அறிகுறி பளிச்சென்று தெரியும். வாரம் விட்டு வாரம் வீடு மாறும் ஏற்பாடு, இருந்த அலர்ஜியை வெளியே காட்டிவிடுகிறது. அப்போது இல்லாதது இப்போது கட்டிவிட்ட கதை என்று சொல்ல இதில் இடமில்லை. அதேபோல அப்பா வீடு அழுக்காகிவிட்டது என்பதற்கும் இது சாட்சி ஆகாது.

சுருக்கத்துக்காகப் பூனை வீடு, பூனையில்லா வீடு என்றே எழுதுகிறோம். நாய்க்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். மாறும் இடங்களில் தனியே சொல்கிறோம்.

முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

*பரிசோதனை.* முன்கையில் அலர்ஜிப் பொருளின் சொட்டு விட்டு, ஊசி முனையால் லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர்ச் சொட்டு காட்டும் தடிப்பைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். இதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அலர்ஜி மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கல் இங்கேதான்: ஒரு வீட்டில் கவனமாக நிறுத்தியிருப்பார்கள், இன்னொரு வீட்டில் சளிக்கு என்று ஒரு சிரப் கொடுத்துவிடுவார்கள். பல சளி சிரப்புகளில் அலர்ஜி மருந்தும் கலந்திருக்கும். தடிப்பு வராது, “பார்த்தாயா, ஒன்றுமில்லை” என்று சண்டை முடிந்தது போலத் தெரியும். மருந்தை நிறுத்துவதில் ஒத்துப்போக முடியாத பெற்றோருக்கு இரத்தத்தில் அலர்ஜிக்கான எதிரணுவை அளக்கும் ஐஜிஇ பரிசோதனைதான் சரி. அதற்கு எதையும் நிறுத்த வேண்டாம்.

பூனைக்கு மட்டும் சோதித்துவிட்டு வரக் கூடாது. தூசிச் செள் (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பூச்சி), பூஞ்சை, கரப்பான், நாய் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாருங்கள். பூனையோடு தூசிச் செள்ளும் சேர்ந்து வந்தால், பூனையை அனுப்பியும் பாதிப் பிரச்சினை பூனையில்லா வீட்டின் மெத்தையில் அப்படியே இருக்கும். நாய் என்றால் இன்னொரு கேள்வி: எந்தப் புரதத்துக்கு அலர்ஜி? கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாவது. பிள்ளைக்கு அது ஒன்றுக்கு மட்டுமே அலர்ஜி என்றால் பெண் நாயோ, விதை நீக்கிய ஆண் நாயோ ஒத்துப்போக வாய்ப்புண்டு. இதைத் தனியாகக் கேட்டால்தான் சோதிப்பார்கள்.

*குறிப்பேடு.* பாசிட்டிவ் என்பது உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பாசிட்டிவ் வந்தும் தொந்தரவே இல்லாத பிள்ளைகள் ஏராளம். அதனால் 4 வாரத்துக்கு ஒரே தாள், இரண்டு வீட்டுக்கும் பொது. காலையும் இரவும் மூக்கு, கண், இருமல், இளைப்பு நான்குக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண், கொடுத்த மருந்தும் நேரமும், எந்த வீடு, வீடு மாறிய மணி. விமர்சனத்துக்குக் கட்டம் வேண்டாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரையும் சேர்க்கலாம். ஆனால் ஒரே மீட்டர் பிள்ளையோடு பயணப்பட வேண்டும். வீட்டுக்கொன்று வைத்தால் இரண்டும் வேறு வேறு எண் காட்டி, அதற்கொரு சண்டை வரும்.

*நெஞ்சு.* மூக்கோடும் கண்ணோடும் நிற்கிறதா, நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறதா? கீழே வரும் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கின்றன. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்பதன் பொருளே வேறு.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல் போதும். பிள்ளையின் மூச்சுக்கு எவ்வளவு பாதுகாப்பு, பலன் தெரிய எத்தனை நாள், வேலையும் இழப்பும் யார் தலையில், பிள்ளை மனதில் என்ன பதியும், தவறென்று தெரிந்தால் திரும்ப முடியுமா. பணம் ஒவ்வொரு வழியிலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

கடைசி அளவுகோலைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒன்பது வருடம் வளர்த்த பூனையைக் கொடுத்துவிட்டால் அது திரும்பாது. பிள்ளை இரவு தங்குவதை ஒரு தடவை நிறுத்திவிட்டால், அதுவும் எளிதில் திரும்புவதில்லை.

வழி 1: பூனை இருக்கட்டும், வீட்டை மாற்றுவோம்

பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் முடி அல்ல. ஃபெல் டி 1 என்ற புரதம் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறி, பூனை நக்கும்போது முடியெங்கும் பூசி, உலர்ந்து, பொடியாகப் பறக்கிறது. அதில் ஒரு பகுதி மிக நுண்ணியது. கிளம்பினால் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். முடியைப் பெருக்கி எடுத்துவிட்டால் வீடு சுத்தம் என்று நினைப்பது இதனால்தான் பிழை.

செய்ய வேண்டியவற்றில் முதலிடம் பிள்ளை தூங்கும் அறைக்கு. ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் கழிகிறது. அந்த அறைக்குள் பூனை நுழையவே கூடாது. பிள்ளை இல்லாத நாளிலும். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தி, திங்கட்கிழமை திறந்துவிட்டால் ஐந்து நாள் தலையணைமேல் படுத்த பூனையின் பொடி அடுத்த வெள்ளிக்குக் காத்திருக்கும். மெத்தை, தலையணைக்கு ஜிப் வைத்த முழு உறை. விரிப்புகளை வாரம் ஒருமுறை துவைப்பது; பூனைப் புரதம் சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்து போகும், தூசிச் செள்ளும் இருந்தால் 60 டிகிரி வெந்நீர் வேண்டும். தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள், மொழுமொழுப்பான தரையைவிடப் பல மடங்கு புரதத்தை அது பிடித்து வைத்திருக்கும். துணி சோஃபாவுக்குத் துவைக்கக்கூடிய உறை. பெருக்குமாறு எடுத்து உலரப் பெருக்கினால் படிந்தது எல்லாம் எழும்பும். ஈரத் துணியால் துடைப்பது நல்லது. வாக்குவம் கிளீனர் என்றால் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது, அதுவும் பிள்ளை வருவதற்குச் சில மணி நேரம் முன்பு.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வைத்துவிட்டு “நான் என் பங்கைச் செய்துவிட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், உண்மை. ஆனால் அது வடிகட்டி வழியாகப் போகும் காற்றுக்கு மட்டும். மெத்தையில் இருப்பது மெத்தையிலேயே இருக்கும். ஆய்வுகளிலும் காற்றில் அளவு குறைவது தெளிவாகத் தெரிந்தது; பிள்ளையின் அறிகுறி எப்போதும் அதே அளவுக்குக் குறையவில்லை. அறையின் அளவுக்கேற்ற கருவி, கதவு சாத்திய படுக்கையறை, நாள் முழுக்க ஓட்டம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் ஏதாவது பயன்.

பூனையைக் குளிப்பாட்டினால் அளவு இறங்கும், ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். நாய்க்கு வாரம் இரண்டு குளியல் வேண்டியிருக்கும். கோழி முட்டையிலிருந்து எடுத்த, அந்தப் புரதத்தை முடக்கும் எதிரணு சேர்த்த பூனைத் தீவனம் சில வருடங்களாகக் கிடைக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் மூன்றாம் வாரத்திலிருந்து முடியில் உள்ள செயல்படும் புரதம் சராசரியாகப் பாதிக்குக் கொஞ்சம் குறைய, 47 சதவீதம், இறங்குகிறது. வீட்டில் மூன்று பூனை என்றால் மூன்றும் அதையே சாப்பிட வேண்டும். பாதி குறைந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. வேலை முழுவதும் பூனை வீட்டுக்காரர் தலையில். நம்பிக்கை முழுவதும் மற்றவர் தலையில். “அப்பா ரூம்ல பூனை வந்துச்சா?” என்று பிள்ளையிடம் விசாரிக்கத் தொடங்கினால் அவனை ஒற்றனாக்கியாயிற்று. இரண்டாவது, இந்த வழி உடையும் இடம்: பல வருடம் அந்தக் கட்டிலிலேயே தூங்கிய பூனை அதிகாலை மூன்று மணிக்குக் கதவைச் சுரண்டும். பத்தாம் நாள் கதவு திறக்கும். கதவைச் சாத்தும் முதல் நாளே வேறோர் உயரமான இடத்தில் அதன் பழைய துணியைப் போட்டுப் பழக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எங்கள் கணிப்பு: இவற்றில் இரண்டை மட்டும் செய்வது வீண். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், 3 மாதம். முடியாது என்று தோன்றினால் இந்த வழியைத் தொடங்கவே வேண்டாம்.

வழி 2: மருந்து, அல்லது அலர்ஜி ஊசி

மூக்கு மட்டுமே பாதித்த பிள்ளைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் பலமான மருந்து. ஆனால் அது தேவைப்படும்போது அடிக்கும் மருந்து அல்ல. தினமும் அடித்தால்தான் சில நாள் முதல் இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடக்கையால், இடது மூக்குக்கு வலக்கையால் அடித்தால் முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும். மூக்கில் இரத்தம் வருவது குறையும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் மட்டும் அடித்துவிட்டு “இந்த மருந்து இவனுக்குக் கேட்கவில்லை” என்று முடிவுகட்டுவது இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தோல்வி. பயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி உயரத்தை முறையாக அளந்து வரச் செய்யுங்கள். அதற்காகச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

செட்ரிசின், லோரடடின் போன்ற அலர்ஜி மருந்துகள் தும்மலையும் அரிப்பையும் சீக்கிரம் அடக்கும். மூக்கடைப்புக்குச் சுமார். இளைப்புக்கு உதவாது. வீடு மாறும் நாளில் காலையில் ஒருவரும் இரவில் இன்னொருவரும் கொடுத்து அளவு இரட்டிப்பாவது சாதாரணமாக நடக்கிறது. கொடுத்த மணியைத் தாளில் எழுதினால் தீர்ந்தது.

அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை எழுதித் தந்தால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்த்தது: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் போன்ற மனமாற்றங்கள் வரலாம். புதிதாகப் பிரிந்த வீட்டுப் பிள்ளை ராத்திரி அலறி எழுந்தால் எல்லோரும் விவாகரத்தைத்தான் காரணமாக்குவார்கள். மாத்திரை தொடங்கிய தேதி இரண்டு வீட்டு நாள்காட்டியிலும் இருக்கட்டும்.

ஆஸ்துமா இருந்தால் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர், இழுக்கும்போது எடுக்கும் நிவாரண இன்ஹேலர், இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசர் மூன்றும் வீட்டுக்கு ஒரு செட். பையில் போய் வரும் ஒரே செட் என்றைக்காவது காரிலேயே தங்கிவிடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அலர்ஜி ஊசி, அதாவது இம்யூனோதெரபி, வேறு தரத்துச் சமாசாரம். முதல் சில மாதம் வாரம்தோறும், பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 முதல் 5 வருடம். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார வேண்டும். பொதுவாக ஐந்து வயதுக்கு மேல்தான் தொடங்குவார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்குப் போடமாட்டார்கள். பூனைக்குக் கிடைக்கும் பலனைப் போல நாய்க்கு உறுதியாகச் சொல்ல முடியாது. மறைந்த செலவு பணத்தைவிட ஒழுங்கில்: தவணை தவறினால் அளவைக் குறைத்து மறுபடி ஏற்றுவார்கள். “அது உன் வாரம்” என்று இரண்டு தடவை தவறவிடும் பெற்றோர் இதைத் தொடங்குவது பிள்ளைக்கு வீண் குத்து.

வழி 3: நாளையோ இடத்தையோ மாற்றுவது

முதலில் ஒரு போலித் தீர்வை ஒதுக்கிவிடுவோம். பிள்ளை வரும் இரண்டு நாள் மட்டும் பூனையைப் பாட்டி வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்புவது. பூனை போய்விடும், அதன் புரதம் சோஃபாவில் உட்கார்ந்திருக்கும். பூனைக்கும் அலைச்சல், அலைச்சல்பட்ட பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். தாராள மனசைக் காட்டுவதைத் தவிர இதனால் பயன் கிடையாது.

பலன் தருவது பிள்ளை அங்கே தூங்காமல் இருப்பது. பகலில் வெளியே சந்திப்பு, பூங்கா, நீச்சல், தாத்தா வீடு. உடனே அறிகுறி குறையும். ஆனால் இதன் விலையை நேராகப் பேச வேண்டும்: பூனை வீட்டுக்காரர் பிள்ளையோடு கழிக்கும் இரவுகளை இழக்கிறார். தூங்கவைப்பது, காலையில் எழுப்புவது, பல் தேய்க்கச் சொல்லிக் கத்துவது எல்லாம் போய், விருந்தாளி அப்பாவாகவோ விருந்தாளி அம்மாவாகவோ ஆகிவிடுகிறார். பிள்ளை மனதில் “எனக்குப் பதில் பூனையை வைத்துக்கொண்டார்” என்று பதியும். மற்றவருக்கோ அலர்ஜியைச் சாக்கிட்டு வளர்ப்புரிமை நாட்களைக் குறைக்கும் ஆசை வரலாம். வராவிட்டாலும் வந்ததாக எதிராளி நினைப்பார். எனவே இது இடைக்கால ஏற்பாடு என்றும், எந்தத் தேதியில் முடியும் என்றும், இழந்த இரவுகள் விடுமுறையில் ஈடுசெய்யப்படும் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு வடிவம், பிள்ளை ஒரே வீட்டில் இருக்க, பெற்றோர் மாறி மாறி வந்து தங்குவது. முறைத்துக்கொள்ளாமல் ஒரே சமையலறையைப் பகிர முடிகிறவர்களுக்கு மட்டும். பூனை வீட்டிலிருந்து வருபவர் குளித்து, பூனை படாமல் தனியே வைத்திருந்த உடையை மாற்றிக்கொண்டு வர வேண்டும். பூனையே இல்லாத வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் பூனைப் புரதம் கிடைக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தது உடைகளில்தான்.

வழி 4: பூனைக்கு வேறு வீடு

மூச்சுக்கு மிக உறுதியான வழி இது. மிக மெதுவானதும் இதுதான். பூனை போன பிறகு வீட்டுத் தூசியில் ஃபெல் டி 1 அளவு பூனையில்லா வீட்டின் நிலைக்கு இறங்க 4 முதல் 6 மாதம் ஆகலாம். தரைவிரிப்பையும் துணி இருக்கைகளையும் அகற்றி, சுவரைத் துடைத்தால் சீக்கிரம் இறங்கும். “இரண்டு வாரம் பூனையை வெளியே விட்டுப் பார்த்தோம், ஒன்றும் மாறவில்லை, ஆகவே பூனை காரணமில்லை” என்பது இந்த விஷயத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. சோதிக்க வேண்டுமென்றால் பூனையை நகர்த்தாமல் பிள்ளையை நகர்த்துங்கள்: பூனையில்லா இடத்தில் தொடர்ந்து சில வாரம், தாளில் எண்கள்.

எங்கே கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம். அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளையை அத்தை வீட்டுக்கே அனுப்பினால் பிரச்சினை முகவரி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வயதான, மருந்து சாப்பிடும் பூனைக்கு இடம் கிடைப்பது கடினம். தேட இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் விடுவது வழியே அல்ல.

பிள்ளையிடம் சொல்வதில்தான் இந்த வழி பெரும்பாலும் கெடுகிறது. “உனக்கு ஒத்துக்கொள்ளாததால் அனுப்புகிறோம்” என்ற ஒரு வரி வருடக்கணக்கில் உள்ளே தங்கும். சில பிள்ளைகள் பிறகு இளைப்பு வந்தாலும் மறைப்பார்கள், அடுத்ததாக எது போகுமோ என்ற பயத்தில். இது பெரியவர்கள் எடுத்த முடிவு என்று இரண்டு பேரும் ஒரே வாசகத்தில் சொல்ல வேண்டும். பூனையில்லா வீட்டுக்காரர் முகத்தில் வெற்றி தெரியக் கூடாது.

இதோடு ஒட்டி ஒரு கேள்வி எப்போதும் வரும்: அலர்ஜி தராத இனம் ஒன்றை வாங்கினால்? மகளின் அலர்ஜியைக் கருதி ஒபாமா குடும்பம் 2009-இல் போர்த்துகீசிய வாட்டர் டாக் வகை நாயை எடுத்தபின் இந்த நம்பிக்கை உலகெங்கும் பரவியது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, அலர்ஜி தராதவை என்று விற்கப்படும் இனங்களின் முடியில் நாய் அலர்ஜிக்கு முக்கியக் காரணமான கேன் எஃப் 1 புரதத்தின் அளவு மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது என்று காட்டியது. முயலும் கினிப் பன்றியும் பாலூட்டிகளே, அவற்றுக்கும் புரதம் உண்டு. மீன் தொட்டி வேண்டுமானால் வையுங்கள்.

ஒரே பார்வையில்

| | பலன் தெரிய | மூச்சுக்குப் பாதுகாப்பு | பாரம் யார் தலையில் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| 1. வீட்டை மாற்றுவது | 2–3 மாதம் | நடுத்தரம், ஒழுங்கைப் பொறுத்து | பூனை வீட்டுக்காரர் | முடியும் |
| 2. மருந்து | நாட்கள் முதல் 2 வாரம் | மூக்குக்கு நல்லது. ஆஸ்துமாவுக்கு இது மட்டும் போதாது | இருவரும் சமமாக | முடியும் |
| 2அ. அலர்ஜி ஊசி | மாதங்கள். முழுப் போக்கு 3–5 வருடம் | நீண்ட காலத்தில் நல்லது | யார் அழைத்துப்போகிறாரோ அவர் | பாதியில் விட்டால் உழைப்பு வீண் |
| 3. இரவு தங்காமை | நாட்கள் | உயர்வு | பூனை வீட்டுக்காரர், பிள்ளை | முடியும், ஆனால் பழகிவிடும் |
| 4. பூனைக்கு வேறு வீடு | 4–6 மாதம் | மிக உயர்வு | பூனை வீட்டுக்காரர், பிள்ளை, பூனை | முடியாது |

எந்த வீட்டுக்கு எது

அறிகுறி மூக்கோடும் கண்ணோடும் நின்றால், நாள் விளையாட்டும் இரவுத் தூக்கமும் கெடவில்லை என்றால், வழி 1-ம் 2-ம் சேர்த்து 3 மாதம். பூனையை அனுப்பச் சொல்லும் உரிமை இந்தக் கட்டத்தில் மற்றவருக்கு இல்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் தொடங்குமுன்பே தோல்வி எது என்று எழுதிவிடுங்கள்: உதாரணமாக, இரண்டாம் மாத முடிவிலும் பூனை வீட்டு இரவுகளில் பாதிக்கு மேல் மூக்குக்கு 2 அல்லது 3 விழுந்தால் அடுத்த வழி. எண்ணைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தாமல் இருக்க இது ஒன்றே வழி.

லேசான ஆஸ்துமா, தடுப்பு இன்ஹேலரோடு கட்டுக்குள் இருக்கிறது என்றால் உடனே வழி 3-ஐத் தொடங்கி, அந்த இடைவெளியில் வழி 1-ன் வேலைகளை முடித்து, பிறகு ஓர் இரவு, இரண்டு இரவு என்று ஏற்றிப் பாருங்கள்.

பூனை வீட்டில் இருந்து வந்தபின் அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்திருந்தால், ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ தேவைப்பட்டிருந்தால், சோதனையும் பூனையைக் காட்டினால், பேசிப் பார்க்க ஒன்றுமில்லை: வழி 4, வீடு தெளியும்வரை வழி 3. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுப்பது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாரிப்பது இவற்றில் எதைப் பார்த்தாலும் யாருடைய வாரம் என்று பார்க்காமல் நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே அவசர உதவியை அழையுங்கள்.

தூசிச் செள்ளுக்கும் பாசிட்டிவ் என்றால் மெத்தை உறை இரண்டு வீட்டுக்கும். பூனையில்லா வீட்டுக்காரர் தன் பங்கை முதலில் செய்துவிட்டுப் பேசினால் எதிர்ப்பக்கம் இறங்கிவருவதைப் பல தடவை பார்க்கலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

மருத்துவரிடம் இருவரும் ஒன்றாகப் போங்கள். முடியாவிட்டால் ஒருவர் போனில் இணையலாம். ஒருவர் மட்டும் போய், “பூனை இருக்கும் வீட்டில் தங்கலாமா” என்று கேட்டால் “கூடாது” என்று ஒரு வரி எழுதித் தருவார். அந்தத் தாள் எதிர் வீட்டில் மிரட்டல் கடிதமாகத்தான் படிக்கப்படும். எந்த மருந்தோடு, என்ன மாற்றம் செய்தால், எத்தனை இரவு, எப்போது மறுபரிசீலனை என்று கேளுங்கள்.

இழுப்பு வந்தால் எந்த மருந்து, எப்போது என்று மருத்துவர் எழுதித் தரும் ஆஸ்துமா செயல் திட்டத்தின் நகல் இரண்டு வீட்டிலும் பள்ளியிலும். வீடு மாறும்போது உடை, பள்ளிப் பை, கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை: உடை உடனே துவைக்க, பொம்மை வீட்டுக்கொன்று, வந்ததும் தலைக்குக் குளியல். பிள்ளை பூனையைத் தொடலாமா என்பதையும் எழுதுங்கள். தொட்டால் கை, முகம் கழுவுதல், பூனை மலசலம் கழிக்கும் மண் தட்டைச் சுத்தம் செய்யும் வேலை அவனுக்கு இல்லை. இனி புதிதாக எந்தப் பிராணியும் வருமுன் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வாழ்வில் வரும் துணையோடு வரும் நாய்க்கும் இது பொருந்தும். அதை முன்கூட்டியே எழுதாததால் பூனை போன வீட்டுக்குள் நாய் நுழைவதுண்டு.

நிவாரண இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கைமாறும் ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டு இன்ஹேலரின் எண்ணைத் தாளின் ஓரத்தில் குறியுங்கள். வெள்ளி மாலை 164, ஞாயிறு மாலை 152 என்றால் இரண்டு நாளில் 12 அழுத்தல். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றுதான் கணக்கு. ஒரு வாரம் 12, அடுத்த வாரம் 14 என்று போனால் மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளோடு மறுநாளே மருத்துவரைப் பாருங்கள்.